எடைக்கல்லுக்கும் எடை



திருவொற்றியூர் நெடுஞ்சாலையை அடுத்த ஒரு சிறு வீட்டில் என் இளமைப் பருவம் கழிந்தது. கிழக்கே சிறிது தொலைவில் கடல். மேற்கே இருப்புப்பாதையும் தொழிற்சாலைகளும். விடியற்காலையில் அலையோசை கேட்கும். சற்று நேரத்தில் ஆலைச் சங்கு ஊதும். 1856ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் புகைவண்டி புறப்பட்ட ராயபுரம் தொடங்கி எண்ணூர்க் கழிமுகம் வரையில் நீண்டு கிடக்கும் இந்தக் கடற்கரைப் பகுதி, பொருள்களைச் செய்வதையும் ஏற்றுவதையும் இறக்குவதையுமே தொழிலாகக் கொண்டது. எதைச் செய்தாலும் அளக்க வேண்டும்; எதை ஏற்றினாலும் நிறுக்க வேண்டும். ஆகவே அளவும் எடையும் எங்கள் பகுதிச் சிறுவர் சிறுமியர்க்குப் பாடப் புத்தகத்தில் வருமுன்னரே அறிமுகமானவை.

என் தந்தையார் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பரிசோதகராகப் பணியாற்றினார். பட்டறையிலிருந்து வரும் இரும்புப் பாகங்களில் துளைகள் உரிய அளவில் உள்ளனவா என்று பார்த்து, நல்லவற்றை ஒரு பெட்டியிலும் தவறானவற்றை மற்றொரு பெட்டியிலும் இடுவது அவர் வேலை. அதற்கென அவர் கையில் எஃகுக் கருவி ஒன்று இருக்கும். தொழிலாளர் அதனைக் 'கேஜ்' என்று வழங்குவர். அதற்கு இரண்டு முனைகள். ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும். மறு முனை நுழையக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. அந்தக் கருவியைக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை அளவைக் கூடத்திற்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே 20 டிகிரி வெப்பநிலையில் வைத்து, அந்தக் கருவியையே வேறொரு கருவியால் அளந்து பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள்.

ஒருநாள் நான் கேட்டேன்: "அளக்கிற கருவியை எதற்கப்பா அளக்கிறார்கள்?"

அவர் சொன்னார்: "ஒரு நாளைக்கு எத்தனை துளையில் நுழைஞ்சு வெளியே வருது, கண்ணு! இரும்புதானே, தேயாதா? தேஞ்சுபோன கேஜ் கெட்ட துளையையும் நல்லதுன்னு சொல்லிடும். நல்லதைக் கெட்டதுன்னு சொன்னா உடனே எவனாவது சண்டைக்கு வருவான். கெட்டதை நல்லதுன்னு சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க. வண்டி ரோட்டுல ஓடும்போதுதான் தெரியும்."

இந்தச் சொற்களின் முழுப் பொருளும் எனக்கு அப்பொழுது விளங்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர், இரும்பை விட்டு உயிரணுக்களைச் சோதிக்கும் தொழிலை நான் மேற்கொண்ட பிறகே விளங்கிற்று. அந்தத் தொழிலைப் பற்றியும், அதில் இன்று மனிதனுக்குத் துணையாக வந்து அமர்ந்திருக்கும் கணிப்பொறியைப் பற்றியும், அந்தக் கணிப்பொறியை யார் சோதிப்பது என்பதைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. உடலின் மேற்பரப்பிலும் உள்ளுறுப்புகளின் பரப்பிலும் உள்ள உயிரணுக்கள் நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவ்வாறு உதிரும் உயிரணுக்களைத் திரட்டி, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் வழியே பார்த்தால் நோயின் அடையாளம் தெரியும் என்று காட்டியவருள் முதன்மையானவர் ஜார்ஜ் பாப்பனிக்கோலா. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த மருத்துவர் இவர். 1928இல் இவர் தம் கருத்தை வெளியிட்டபோது மருத்துவ உலகம் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. ஹெர்பர்ட் டிராட் என்பவருடன் சேர்ந்து 1941இல் ஆய்வுக் கட்டுரையும் 1943இல் நூலும் வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. கருப்பை வாயிலிருந்து மெல்ல வழித்தெடுத்த உயிரணுக்களைக் கொண்டு, புற்றுநோய் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே அதன் வருகையை அறிய முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது. அவர் பெயராலேயே அது இன்றும் 'பாப்' சோதனை என வழங்குகிறது.

இதனை எளிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 'ஸ்லைடு' என்று நாங்கள் சொல்லும் அந்தக் கண்ணாடித் தகடு உங்கள் சுண்டுவிரல் நீளமே இருக்கும். ஆயினும் அதன்மீது ஐம்பதாயிரம் முதல் மூன்று லட்சம் வரையில் உயிரணுக்கள் இருக்கலாம். அவற்றுள் மாறுபட்டவை நூறாக இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். உட்கரு பெருத்திருக்கிறதா, அதன் விளிம்பு கோணலாக இருக்கிறதா, சாயத்தை அளவுக்கு மீறி ஏற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். நிறைந்த திருவிழாக் கூட்டத்தில் முகம் தெரியாத ஒருவனை, அவன் நடையைக் கொண்டு மட்டும் கண்டுபிடிப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சொல்வதற்கு எளிதாக இல்லை. ஆயினும் மாணவர்களாகிய நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒருநாள் மாலை, களைத்த கண்களோடு, அன்றைய கடைசிச் சில தகடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தகட்டில் குருதி சற்று மிகுதியாகப் படிந்திருந்தது. பார்த்தேன், மாறுபாடு ஒன்றும் தென்படவில்லை. 'நோய்க்குறி இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மீன் விற்றுப் பிழைக்கும் ஒரு தாய், தம் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் அறை வாயிலில் நின்றார். கையில் மடித்து மடித்துப் பழுப்பேறிய ஒரு காகிதம் இருந்தது. "டாக்டரம்மா, நீங்கதானே இதுல ஒண்ணும் இல்லேன்னு எழுதிக் குடுத்தீங்க? அதான் நான் அப்புறம் வரலை," என்றார். அவர் குரலில் சினம் இல்லை. தம்மேல் தவறில்லை என்று எனக்கு விளக்கிச் சொல்வதுபோல் இருந்தது.

பழைய தகட்டைத் தேடி எடுத்தோம். மூத்த மருத்துவர் ஒருவர் அதனை நெடுநேரம் பார்த்தார். பின்பு என்னை அழைத்து, குருதி படிந்த ஓரத்தைச் சுட்டிக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு உயிரணுக்கள் அங்கே ஒரு மூலையில் கிடந்தன. ஒருமுறை காட்டிவிட்ட பிறகு அவற்றைக் காணாதிருக்க முடியவில்லை. அந்த அம்மையார்க்குச் சிகிச்சை தொடங்கப்பட்டது. நோய் முற்றியிருந்தமையால் அது பயன் தரவில்லை. தேய்ந்துபோன கேஜ் எது என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

இங்கே நாம் ஒரு கேள்வி கேட்போம். அந்த இரண்டு ஆண்டுகளில் என் பிழை ஏன் வெளிப்படவில்லை? 'நோய் இருக்கலாம்' என்று நான் எழுதியிருந்தால், மேலும் ஒரு மருத்துவர் பார்த்திருப்பார். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்திருப்பார்கள். நான் எழுதியது தவறானால் சில நாட்களில் தெரிந்திருக்கும். 'நோய் இல்லை' என்று எழுதியதால் அந்தத் தகடு பெட்டிக்குள் சென்றது. அந்தத் தாய் வீட்டிற்குச் சென்றார். யாரும் மீண்டும் பார்க்கவில்லை. பொய்யான எச்சரிக்கை தானே வெளிப்பட்டுவிடும். பொய்யான ஆறுதல் வெளிப்படாது. ஆதலால் தரக் கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் 'நன்று' என்று ஒதுக்கப்பட்டவற்றைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வேலையே ஆகும்.

இந்த உண்மையை உலகம் ஒரு கசப்பான நிகழ்ச்சியின் வாயிலாகக் கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் சில ஆய்வுக்கூடங்கள், தகட்டுக்கு இவ்வளவு காசு என்று கணக்கிட்டு, பணியாளரை அளவுக்கு மீறி விரைவாகப் பார்க்கச் செய்தன என்பதை வால்ட் போக்டனிச் என்ற செய்தியாளர் 1987இல் வெளிப்படுத்தினார். மறு ஆண்டே அந்நாட்டில் ஆய்வுக்கூடங்களுக்கான சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் ஒரு நாளில் நூறு தகடுகளுக்கு மேல் பார்க்கலாகாது. நோயற்றவை என்று கணிக்கப்பட்டவற்றுள் பத்தில் ஒரு பங்கையேனும் மற்றொருவர் மீண்டும் பார்க்க வேண்டும். ஒருவர்க்கு முற்றிய மாறுபாடு புதிதாகக் கண்டறியப்பட்டால் அவருடைய முந்திய ஐந்து ஆண்டுத் தகடுகளை எடுத்துப் பார்க்க வேண்டும் என்னும் விதிகள் அதன் கீழ் வந்தன.

நல்ல விதிகள்தாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரும்பலகையில் எழுதிப் பார்க்கத்தக்க கற்பனைக் கணக்கு இது. ஆயிரம் தகடுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் உண்மையில் மாறுபாடு உடையவை இருபது. பார்ப்பவர் பதினாறைக் கண்டுபிடித்துவிட்டார், நான்கைத் தவறவிட்டார். எஞ்சிய 984 தகடுகளும் 'நன்று' என்னும் பெட்டிக்குப் போகின்றன. அவற்றுள் பத்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து மீண்டும் பார்க்கிறோம். தவறிப்போன ஒரு தகடு நம் கையில் அகப்படாமல் போவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்பது. நான்கும் அகப்படாமல் போவதற்கான வாய்ப்பு, ஒன்பதின்கீழ்ப் பத்தை நான்குமுறை பெருக்கினால் வருவது. அஃதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு! மீண்டும் பார்த்தோம் என்ற மனநிறைவு நமக்கு உண்டு. தவறவிட்ட நால்வரும் வீட்டிலேயே இருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் கணிப்பொறி நுழைகிறது. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதற்கு மாறாக, 984 தகடுகளையும் ஓர் இயந்திரம் பார்வையிட்டு, ஐயத்திற்குரியவற்றை வரிசைப்படுத்திக் கொடுத்தால், நாம் மேலே உள்ள நூறை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் அல்லவா? இயந்திரம் ஓரளவேனும் நல்லதாயின், அந்த நான்கும் பெரும்பாலும் மேல்வரிசையிலேயே வந்து நிற்கும்.

இந்த எண்ணம் புதியதன்று. உயிரணுக்களைத் தானே பார்த்துக் கணிக்கும் இயந்திரம் ஒன்றை 1950களிலேயே அமெரிக்கர் செய்து பார்த்தனர். 'சைட்டோ அனலைசர்' என்று அதற்குப் பெயர். உட்கருவின் அளவையும் கருமையையும் அது அளந்தது. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் வெள்ளணுக்களையும், தூசியையும் பெரிய உட்கரு என்று எண்ணி ஓயாமல் எச்சரிக்கை எழுப்பியது. அம்முயற்சி கைவிடப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், இரண்டு கருவிகள் அந்நாட்டு அரசின் ஒப்புதல் பெற்றன. ஒன்று 'பாப்நெட்'. இது ஒரு தகட்டிலிருந்து ஐயத்திற்குரிய 128 காட்சிகளைத் தேர்ந்தெடுத்துத் திரையில் காட்டும். முடிவு சொல்வது மனிதனே. மற்றொன்று 'ஆட்டோபாப்'. நோயற்றவை என்று மனிதர் ஒதுக்கியவற்றை மீண்டும் சோதிப்பதற்கென்றே, அஃதாவது தரக் கட்டுப்பாட்டிற்கென்றே, அது முதலில் ஒப்புதல் பெற்றது. கணிப்பொறி மனிதனுடைய இடத்தைப் பிடிக்க வரவில்லை. அவனுக்குப் பின்னால் நின்று சரிபார்க்கவே வந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் என்னும் அரசுக் கணிப்பொறி ஆராய்ச்சி நிறுவனமும், அதே நகரத்து வட்டாரப் புற்றுநோய் மையமும் சேர்ந்து 'செர்விஸ்கேன்' என்னும் அமைப்பை உருவாக்கின. ஸ்வீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழக அறிஞர்களும் இதில் ஒத்துழைத்தனர். அவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்றின் பொருள் என்ன தெரியுமா? தகட்டின் படத்தில் கிடக்கும் குப்பையை நீக்குவது எப்படி என்பதே! குருதியணுத் திரள், சாயத் துகள், தூசி ஆகியவற்றை உட்கரு அல்ல என்று கணிப்பொறிக்குக் கற்பிப்பதற்குத் தனியே ஓர் ஆராய்ச்சி வேண்டியிருந்தது. சைட்டோ அனலைசரை வீழ்த்திய அதே தூசிதான் அறுபது ஆண்டுகள் கழித்தும் வழிமறித்து நின்றது.

மனிதன் களைப்பால் பிழை செய்கிறான். கணிப்பொறிக்குக் களைப்பில்லை. அப்படியானால் அது எதனால் பிழை செய்கிறது? நான் கண்டவற்றைச் சொல்கிறேன். விளக்கின் ஒளி மாதங்கள் செல்லச் செல்ல மங்கும். மனிதக் கண் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும், கணிப்பொறிக்கோ எல்லா உட்கருவும் சற்றுக் கருத்ததாகத் தோன்றும். சாயக் குப்பி புதிதாக மாற்றப்பட்டால் நிறம் மாறும். கண்ணாடியின்மேல் ஒரு விரல் ரேகை போதும், குவியம் கலைந்துவிடும். தகட்டில் உயிரணுக்களே போதிய அளவில் இல்லையென்றால், இல்லாதவற்றில் மாறுபாடு எப்படி இருக்கும்? அது 'நோய் இல்லை' என்றே சொல்லும். அதனால்தான் நீர்மத்தில் கலந்து தயாரிக்கும் தகட்டில் குறைந்தது ஐயாயிரம் உயிரணுக்களேனும் இருந்தாலொழிய முடிவு சொல்லலாகாது என்று 2001இல் அனைத்துலக வழக்கு வகுக்கப்பட்டது. போதிய உயிரணு இல்லாத தகட்டை 'நோயற்றது' என்று எழுதுவதற்கும், வினாத்தாளைப் படிக்காமலே மாணவனுக்கு நூறு மதிப்பெண் இடுவதற்கும் வேறுபாடு இல்லை.

இவ்வளவு இடர்ப்பாடுகளுக்கிடையே கணிப்பொறி சொல்லும் எண்ணை எப்படி நம்புவது? இதற்கு அறிஞர்கள் கண்ட வழி மிகவும் அழகானது. உயிரணுவின் உட்கருவில் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. இருக்கிறது. இயல்பான மனித உயிரணுவில் 46 நிறப்புரிகள் உண்டு, ஆகவே டி.என்.ஏ.யின் அளவும் வரையறுக்கப்பட்டது. பிளவுபடுமுன் அது இரு மடங்காகும். புற்று உயிரணுக்கள் பலவற்றிலோ இந்த ஒழுங்கு குலைந்து, இடைப்பட்ட அளவுகளும் மிகைப்பட்ட அளவுகளும் காணப்படும். ஃபொய்ல்கன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1924இல் கண்டறிந்த சாயமுறை, டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே நிறம் ஏறும்படி செய்யும். ஒவ்வோர் உட்கருவும் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று கணிப்பொறி அளந்தால் டி.என்.ஏ.யின் அளவு கிடைத்துவிடும்.

ஆனால் சாயம் ஏற்றும் நேரம் சிறிது கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிவிடுமே! எனவே அந்த எண்ணுக்குத் தனியே பொருளில்லை. காசிமேட்டில் மீன் நிறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டில் மீன். மறு தட்டில் அரசு முத்திரையிட்ட எடைக்கல். தட்டின்மேல் ஈரம் இருந்தாலும், கயிறு சற்று நீண்டிருந்தாலும், வெறுந்தட்டுகளைச் சமன் செய்துகொண்டு எடைக்கல்லோடு ஒப்பிட்டால் நிறை சரியாகவே தெரியும். அதுபோல, அதே தகட்டில், அதே சாயத்தில் தோய்ந்து கிடக்கும் இயல்பான வெள்ளணுக்களை எடைக்கல்லாகக் கொள்கிறோம். அவற்றின் டி.என்.ஏ. அளவு நமக்கு முன்னரே தெரியும். முதலில் அவற்றை அளந்து, அவற்றோடு ஒப்பிட்டே ஐயத்திற்குரிய உயிரணுக்களை மதிப்பிடுகிறோம்.

அதோடு வேலை முடியவில்லை. எடைக்கல்லையும் சோதிக்க வேண்டும். ஐரோப்பிய அறிஞர்கள் 1995 முதல் கூடிக் கூடி வகுத்துத் திருத்திய நெறிமுறைகள் இதனை வலியுறுத்துகின்றன. ஒப்பீட்டுக்குக் குறைந்தது முப்பது இயல்பான உயிரணுக்களை அளக்க வேண்டும். அவற்றின் அளவுகள் தமக்குள் வேறுபடுவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு மேல் வேறுபட்டால் அன்றைய அளவீடே செல்லாது. சாயத்தையும் கருவியையும் சரிசெய்து மீண்டும் தொடங்க வேண்டும். அளவைக் கூடத்திற்குப் போய்வந்த என் தந்தையாரின் கேஜ் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

இவ்வளவும் செய்த பிறகு, இயந்திரம் மனிதனை விஞ்சிவிடும் என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணத்தையும் சோதிக்க வேண்டும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து அறிஞர்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் மாதிரிகளைக் கொண்டு, கணிப்பொறித் துணையோடு பார்ப்பதையும் மனிதக் கண்ணால் மட்டும் பார்ப்பதையும் ஒப்பிட்டு 2011இல் முடிவை வெளியிட்டனர். கணிப்பொறித் துணையால் வேலை விரைவாக நடந்தது உண்மை. ஆனால் முற்றிய மாறுபாடுகளைக் கண்டுபிடிப்பதில் அது மனிதக் கண்ணைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு பின்தங்கியிருந்தது. விரைவு கண்ணுக்குத் தெரிகிறது. தவறவிட்டவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒப்பிட்டுப் பார்த்திராவிடில், விரைவை மட்டும் கண்டு மகிழ்ந்திருப்போம்.

இன்றைய கணிப்பொறிகள் அன்றைய கருவிகளைக் காட்டிலும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தவை. பல்லாயிரம் படங்களைக் காட்டினால், எது மாறுபட்டது என்று தாமே கற்றுக்கொள்கின்றன. ஆயினும் அவை எந்த ஊர்ப் படங்களைக் கண்டு கற்றனவோ அந்த ஊர்ச் சாயத்திற்கும் அந்த ஊர்க் கருவிக்குமே பழகியவை. வேறொரு நாட்டில் நன்கு வேலை செய்த கருவி, ராயபுரத்து ஈரக்காற்றில், நம் சாயத்தில், நம் பெண்களின் தகடுகளில் எப்படி வேலை செய்யும் என்பதை இங்கேதான் சோதித்து அறிய வேண்டும். மற்றொரு தீங்கும் உண்டு. திரையில் 'ஐயமில்லை' என்று எழுத்து வந்துவிட்டால், பார்ப்பவர் தம் கண்ணை நம்பாமல் திரையை நம்பத் தொடங்கிவிடுகிறார். அப்பொழுது இரண்டு பரிசோதகர் இருப்பதாகக் கணக்கில் இருக்கும். உண்மையில் ஒருவரும் இருக்கமாட்டார்.

ஆகவே நல்ல ஆய்வுக்கூடத்தின் அன்றாட ஒழுக்கம் இவ்வாறு அமையும். காலையில் வேலை தொடங்குமுன், விடை முன்பே தெரிந்த ஒரு தகட்டைக் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். விடை மாறினால் அன்று வேலை தொடங்காது. நோயுள்ளது என்று உறுதிப்பட்ட பழைய தகடுகள் சிலவற்றை, பார்ப்பவருக்கும் தெரியாமல், அன்றைய தகடுகளோடு கலந்து வைப்பார்கள். உயிரணுச் சோதனையின் முடிவைச் சதைத் துணுக்குச் சோதனையின் முடிவோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் காரணம் தேடுவார்கள். பிழை நேர்ந்தால் அதனை மறைக்காமல் ஏட்டில் எழுதுவார்கள். பிழை எழுதப்படாத ஏடு பிழை நேராததற்குச் சான்றாகாது. யாரும் தேடவில்லை என்பதற்கே சான்றாகும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஒருவகை வைரஸ் என்பதை 1983இல் ஹரால்டு சுர் ஹவுசன் குழுவினர் கண்ட ஆராய்ச்சி தெளிவுபடுத்திற்று. அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸைத் தேடும் சோதனையே முதற் சோதனையாக இருத்தல் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் இன்று கூறுகிறது. சிறுமியர்க்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது. 'அப்படியானால் உயிரணுவைப் பார்ப்பதும் அதன் தரக் கட்டுப்பாடும் பழங்கதையாகிவிடுமோ?' என்று நீங்கள் கேட்கலாம். ஆகா. வைரஸ் இருப்பதாகக் கண்டவருள் யாருக்கு உடனே சிகிச்சை வேண்டும் என்று பிரித்தறிய உயிரணுச் சோதனை பல இடங்களில் உதவுகிறது. மேலும், சோதனை எதுவாயினும் சோதனையைச் சோதிக்கும் கடமை மாறுவதில்லை.

இதற்கு நம் தமிழ்நாடே சான்று தருகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பேராராய்ச்சி ஒன்றில், முதற் சோதனைக்குக் கணிப்பொறியும் இல்லை, நுண்ணோக்கியும் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மை படர்கிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தனர். தேவைப்பட்டோர்க்குச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. 2007இல் முடிவு வெளியாயிற்று: அந்நோயால் நேரும் இறப்பு நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு குறைந்திருந்தது. ஆனால் ஆய்வாளர்கள் தம் முடிவோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே எழுதினார்கள். நல்ல பயிற்சியும் இடையறாத தரக்காப்பும் உடனிருந்தால் மட்டுமே இம்முறை பயன்தரும் என்பதே அது. விலையுயர்ந்த கருவியைச் சோதிக்காமல் பயன்படுத்துவதைவிட, எளிய கருவியைச் சோதித்துச் சோதித்துப் பயன்படுத்துவது உயிரைக் காக்கும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை உள்ளத்தில் சுமந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். அங்கே 1981இல் சென்னை நகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. நகரத்தில் யாருக்கு எந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது என்பது ஆண்டுதோறும் அதில் திரட்டப்படுகிறது. 'நோய் இல்லை' என்று நாம் சொல்லி அனுப்பியவர் ஒருவர் பின்னாளில் அத்தகைய ஏட்டில் இடம்பெற்றாரா என்று ஒத்துப் பார்ப்பதே எங்கள் தொழிலின் கடைசிச் சோதனை. அந்த ஏடு எங்களுக்கு எடைக்கல். மனிதனுக்கும் கணிப்பொறிக்கும் சேர்த்தே எடைக்கல்.

2022ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஏறத்தாழ 80,000 பேர் இறக்கின்றனர். இவ்வளவு பெரிய நாட்டில் எல்லாப் பெண்களையும் சோதிப்பதற்குப் பயிற்சி பெற்ற கண்கள் போதா. கணிப்பொறி நமக்கு வேண்டும், ஐயமில்லை. உங்களுள் சிலர் நாளை அத்தகைய கருவிகளை ஆக்குவீர்கள். சிலர் அவற்றை இயக்குவீர்கள். கருவி எத்தனை தகடுகளை எத்தனை நொடியில் பார்க்கிறது என்று உங்களிடம் பலர் பெருமையாகச் சொல்லுவார்கள். அப்பொழுது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இது 'நன்று' என்று சொன்னவற்றை யார் மீண்டும் பார்த்தார்கள்?"

என் தந்தையார் ஓய்வு பெற்றபோது, கழித்து ஒதுக்கப்பட்ட பழைய கேஜ் ஒன்றை நினைவுப் பொருளாகப் பெற்றுக்கொண்டு வந்தார். இன்று அது என் மேசைமேல் இருக்கிறது. பார்த்தால் பளபளவென்று புதிது போலவே தோன்றும். எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும். அதன் பக்கத்தில் ஒரு சிறு காகிதத்தில் ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். அன்றொரு மாலையில் நான் தவறவிட்ட தகட்டின் எண் அது. புதிதாகப் பணியில் சேரும் ஒவ்வொரு மாணவிக்கும் முதல் நாள் பாடமாக அந்த இரண்டையும் காட்டிவிட்டு, அதன் பிறகே நுண்ணோக்கியின்முன் அமரச் சொல்கிறேன்.